ரெண்டரை வருஷம் ஆச்சு, மெமரி கிளாக் மட்டும் இன்னும் இறங்க மாட்டேங்குது

ஆபீஸ்ல கூட வேலை பாக்குற தம்பி நேத்து மெசேஜ் பண்ணிருந்தான், "அண்ணா, நீங்க வச்சிருக்குற அதே 12 ஜிபி ஏஎம்டி கிராஃபிக்ஸ் கார்டு செகண்ட் ஹேண்ட்ல நல்ல விலைக்கு வருது, நானும் லினக்ஸ்தான், வாங்கலாமா?"னு. ஆமா இல்லனு ஒரு வார்த்தைல முடிச்சிரலாம்னுதான் டைப் பண்ண ஆரம்பிச்சேன், முடியல.

கேம் எப்படி ஓடுதுன்னு எல்லாம் சொல்லப் போறதில்ல, அது உங்களுக்கே தெரியும். 1440பி-ல நான் விளையாடுற எல்லாமே நல்லா ஓடுது. கார்டை ஓட்டுற டிரைவர் லினக்ஸோட மையமான கெர்னல்லயே இருக்குறதால தனியா எதுவும் இன்ஸ்டால் பண்ணவே இல்ல, ஸ்லீப்புக்குப் போய் எழுந்தா ஸ்கிரீன் வருது, முன்னாடி வச்சிருந்த கார்டுல அது பெரிய போராட்டம். அந்த வகைல எனக்கு இந்தக் கார்டு மேல நிஜமாவே பிரியம் உண்டு.

என் பிரச்சனை சும்மா இருக்கும்போதுதான். ராத்திரி பதினோரு மணிக்கு வீட்ல எல்லாரும் தூங்கிட்டாங்க, நான் ஒரு டெர்மினலும் ஒரு பிடிஎஃபும் மட்டும் திறந்து வச்சிருக்கேன், திடீர்னு கார்டு ஃபேன் விர்ர்னு சுத்தும், இருபது செகண்ட்ல நிக்கும், நாலு நிமிஷம் கழிச்சு மறுபடி விர்ர். சூடு கம்மியா இருந்தா ஃபேன் நிக்கணும்ங்கறது டிசைன், ஆனா சூடு அந்த எல்லைக் கோட்டுலயே நின்னா ஃபேன் ஆன் ஆஃப் ஆன் ஆஃப்னு போய்க்கிட்டே இருக்கும். தொடர்ந்து சுத்துனா கூட காது பழகிடும், இது பழகவே இல்ல.

முதல்ல தூசின்னு நினைச்சு கழட்டித் துடைச்சேன், கேஸ் ஃபேன் ஒண்ணு எக்ஸ்ட்ரா போட்டேன், ஒண்ணும் மாறல. அப்புறம்தான் சிஸ்எஃப்எஸ் உள்ள போனேன், லினக்ஸ் ஹார்டுவேர் விவரத்தை எல்லாம் ஃபைலா காட்டுற இடம் அது. அங்க பிபி_டிபிஎம்_எம்கிளாக்னு ஒரு ஃபைல் இருக்கு, கார்டோட மெமரி கிளாக், அதாவது மெமரி ஓடுற வேகம், அதுல தெரியும், அதை கேட் கமாண்ட் போட்டுப் பாத்தேன். நாலு வரி: 96, 456, 673, 1000 மெகாஹெர்ட்ஸ். இப்ப எந்த லெவல்ல ஓடுதோ அதுக்குப் பக்கத்துல ஒரு நட்சத்திரக் குறி இருக்கும். டெஸ்க்டாப்ல ஒரு விண்டோ கூட அசையல, நட்சத்திரம் 1000-ல ஆணி அடிச்ச மாதிரி உக்காந்திருக்கு! கார்டு காட்டுற பவர் 33 வாட், அந்த சூட்டுலதான் ஃபேன் சுத்துது. மானிட்டரை 144 ஹெர்ட்ஸ்ல இருந்து, அதாவது செகண்டுக்கு 144 ஃபிரேம்ல இருந்து, 60-க்கு மாத்தினேன், அடுத்த செகண்டே நட்சத்திரம் 96-க்கு இறங்குச்சு, பவர் 8 வாட். மறுபடி 144 போட்டா மறுபடி 1000. அன்னிக்கு ஒரு பத்து தடவையாவது மாத்தி மாத்திப் போட்டுப் பாத்திருப்பேன்.

காரணம் இதுதான். மெமரி வேகத்தை மாத்தும்போது கொஞ்ச நேரம் மெமரில இருந்து எதையும் படிக்க முடியாது, ஆனா மானிட்டருக்கு படம் தொடர்ந்து போய்க்கிட்டே இருக்கணும், அதனால ஒரு ஃபிரேம் முடிஞ்சு அடுத்தது ஆரம்பிக்கறதுக்கு நடுவுல வர்ற சின்ன இடைவெளில, அதாவது வெர்டிகல் பிளாங்கிங்ல, மாத்தி முடிச்சாகணும். ரயில் அரை நிமிஷம் மட்டும் நிக்குற ஸ்டேஷன்ல பத்து மூட்டையை இறக்கணும்னா எப்படி, நேரம் பத்தாதுன்னு தெரிஞ்சா இறக்கவே மாட்டாங்க, அப்படித்தான். என் மானிட்டர்ல மொத்தம் 1481 கோடு, அதுல 1440 படம், மிச்சம் 41 கோடுதான் இடைவெளி. 60 ஹெர்ட்ஸ்ல அந்த 41 கோடு கிட்டத்தட்ட 460 மைக்ரோசெகண்ட், 144-ல வெறும் 192. அது பத்தாதுன்னு டிரைவர் மெமரியை மேலயே பிடிச்சு வச்சுக்குது. நேர்மையா சொன்னா அது செய்யறது சரிதான், நான் ஒரு தடவை மெமரியை வம்படியா கம்மி வேகத்துல போட்டுப் பாத்தேன், ஸ்கிரீன் முழுக்க வெள்ளைப் பட்டையா மின்னிச்சு.

அப்ப இடைவெளியைப் பெருசாக்கணும். லினக்ஸ்ல ஸ்கிரீனைக் காட்டுற பழைய முறையான எக்ஸ்11-ல இருந்தா எக்ஸ்ராண்டர் கமாண்ட்ல புது மோட் சேர்த்தா முடிஞ்சது, நான் புது முறையான வேலண்ட், அதனால மானிட்டர் தன்னோட டைமிங்கைச் சொல்ற ஈடிஐடி ஃபைலையே எடுத்து ஹெக்ஸ்ல, அதாவது 16 அடிமான எண்ல, திருத்தி, கெர்னல் பாராமீட்டர் வழியா லோட் பண்ண வேண்டியதாப் போச்சு. 144-லயே 1543 கோடு போட்டுப் பாத்தேன், மானிட்டர் அவுட் ஆஃப் ரேஞ்ச்னு சொல்லிடுச்சு. 120 ஹெர்ட்ஸ், 1525 கோடுன்னு இறங்கி வந்தேன், அதாவது இடைவெளி 41 கோட்டுக்கு பதிலா 85, ஹெக்ஸ்ல 29 இருந்த இடத்துல 55, செகண்டுக்கு எத்தனை பிக்சல் போகுதுங்கற பிக்சல் கிளாக்கையும் அதுக்கு ஏத்த மாதிரி மாத்தணும். முதல் தடவை கடைசி பைட்ல இருக்குற செக்சம்னு சொல்ற சரிபார்ப்பு எண்ணை மாத்த மறந்துட்டேன், கெர்னல் அந்த ஃபைலை ஏத்துக்கவே இல்ல, அதைக் கண்டுபிடிக்க ஒரு ஞாயித்துக்கிழமை போச்சு. ஆனா சரியான உடனே டெர்மினல்ல அந்த நட்சத்திரம் 96-க்கு இறங்கி அங்கயே நின்னுச்சு பாருங்க, அந்த சந்தோஷம் எந்த கேம்லயும் எனக்குக் கிடைச்சதில்ல. அன்னிக்கு ராத்திரி ஃபேன் ஒரு தடவை கூட சுத்தல. ப்ளக்ல மாட்டுற மீட்டர்ல மொத்த சிஸ்டமும் 78 வாட்ல இருந்து 52-க்கு வந்துச்சு. நான் தினம் பத்து மணி நேரம் ஓட்டுறவன், ரெண்டு மாசத்துக்கு கிட்டத்தட்ட 16 யூனிட், எங்க வீட்டு ஈபி ரீடிங் 500-ஐ ஒட்டியே வரும், அந்த எல்லையைத் தாண்டினா ஸ்லாப் மாறும், அதனால இது எனக்கு சின்ன விஷயம் இல்ல.

இதெல்லாம் ஃபைலா திறந்து வச்சிருக்குறதாலதான் என்னால பாக்க முடிஞ்சது, திருத்த முடிஞ்சது. அந்த டிரைவர் எழுதுறவங்க மேல எனக்கு மரியாதை அதிகம்.

ஆனா இதோட முடியல. நடுவுல ஒரு பெரிய அப்கிரேடுல இனிட்ராம்எஃப்எஸ், அதாவது பூட் ஆகும்போது முதல்ல லோட் ஆகுற ஃபைல் தொகுப்பு, அதோட செட்டிங் மாறி என் ஈடிஐடி ஃபைல் காணாமப் போச்சு, மறுபடி விர்ர். சரி, அதையும் சேர்த்தேன். போன வாரம் வேலைக்காக பக்கத்துல ரெண்டாவது மானிட்டர் ஒண்ணு மாட்டினேன், பழைய 75 ஹெர்ட்ஸ். ரெண்டு மானிட்டரோட இடைவெளியும் எப்பவும் ஒரே நேரத்துல வராது, ரெண்டும் ஒரே டைமிங்கா இருந்தா டிரைவர் சேர்த்து வைக்கப் பாக்கும், இங்க அதுக்கும் வழி இல்ல. நட்சத்திரம் மறுபடி 1000. இவ்வளவு உழைச்சதும் ஒரு கேபிள் சொருகினதுல போயிடுச்சு. சும்மா இருக்கும்போது 456-ல நிறுத்தி வை, கேம் திறக்கும்போது ஒரே ஒரு தடவை மின்னட்டும், நான் பொறுத்துக்கறேன்னு சொன்னா தானா அப்படி நடக்குற மாதிரி டிரைவர்ல ஒரு ஆப்ஷன் குடுக்கலாம்ல? எனக்கு இதுதான் ஆத்திரம்.

அதனால தம்பி, கேக்குறதுக்கு முன்னாடி உன் டேபிள்ல எத்தனை மானிட்டர், என்ன ஹெர்ட்ஸ்னு சொல்லு. ஒண்ணே ஒண்ணு, 60 ஹெர்ட்ஸ்னா கண்ணை மூடிட்டு வாங்கு. ரெண்டு வேற வேற மானிட்டர்னா வேண்டாம், எவ்வளவு விலை குறைஞ்சாலும் வேண்டாம். இதை டைப் பண்ணி முடிக்கறதுக்குள்ள ஃபேன் ஆறு தடவை சுத்தி நின்னுடுச்சு.