டிராக் ரேஸ்: ஓப்பன் கிளாஸா, டயல்-இன் கிளாஸா?

தண்டையார்பேட்டை, வியாசர்பாடி பக்கம் டிராக் ரேஸ் (இரண்டு வண்டிகள் நேர்கோட்டில் மோதும் ரேஸ்) என்றாலே யமஹாவின் பழைய டூ ஸ்ட்ரோக் பைக் ஆர்எக்ஸ் 100 பேச்சுதான். என்னிடமும் போர்ட்டிங் செய்த, அதாவது வேகத்துக்காக சிலிண்டரின் போர்ட் துளைகளைப் பெரிதாக்கிய ஒன்று இருந்தது. அதை விற்றுவிட்டு 150 சிசி ஃபோர் ஸ்ட்ரோக்கில் டயல்-இன் முறைக்கு மாறிவிட்டேன், அதனால் நான் எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஓப்பன் கிளாஸில் 402 மீட்டரை முதலில் தாண்டுபவருக்கு வெற்றி. அந்த வேகத்துக்கு ஈடு கிடையாது, சரி.

டயல்-இன்னில் உங்கள் வண்டி எத்தனை வினாடியில் ஓடும் என்று நீங்களே எழுதிக் கொடுக்கணும். ஒருவர் 18.5, எதிராளி 16 என்றால் மெதுவான வண்டிக்கு பச்சை விளக்கு இரண்டரை வினாடி முன்னதாக விழும். எழுதிக் கொடுத்ததைவிட வேகமாக ஓடினால் பிரேக்-அவுட், தோல்வி. காசு கொட்டி வாங்கிய பவருக்கு இங்கே தனி மதிப்பு இல்லை. விளக்கைப் பார்த்து கிளட்ச் விடும் கைக்கும், ஒரே மாதிரி ஓடும் வண்டிக்கும்தான் மதிப்பு.

என்னை மாற்றியது பராமரிப்புச் செலவு. ஆர்எக்ஸ் 100-இன் 98 சிசி எஞ்சினில் கம்ப்ரஷனை ஏற்றி, போர்ட்டைத் திறந்து ஓட்டினால் முதலில் ரிங் போகும், பிஸ்டன் சீஸ் ஆகும், அப்புறம் கனெக்டிங் ராட். போரிங் போடும்போதெல்லாம் கால் மில்லி, அரை மில்லி என்று சிலிண்டர் துளை பெரிதாகிக்கொண்டே போகும், கடைசியில் உள்ளே புது ஸ்லீவ் (உள்குழாய்) போடணும். அந்த வண்டியின் தயாரிப்பே 1996-இல் நின்றுவிட்டது, ஒரிஜினல் கிராங்க் தேடி புதுப்பேட்டையில் அலையணும். அந்தக் காலத்தில் ரேஸ் நடந்த சோழவரம் நமக்குப் பக்கம், இப்போது தூரத்தில் இருக்கும் இருங்காட்டுக்கோட்டைக்குப் போகணும். ரோட்டில் ஓட்ட முடியாத வண்டிக்கு டாடா ஏஸ் வாடகை வேறு.

டயல்-இன் வண்டிக்கு ஆயில், செயின், கிளட்ச் பிளேட், டயர், அவ்வளவுதான். எஞ்சினைத் திறக்கும் வேலை இல்லை. ஞாயிறு ஓட்டிய அதே வண்டியில் திங்கட்கிழமை மணலிக்கு வேலைக்குப் போகிறேன்.

குறையும் உண்டு. மதிய வெயிலில் ஓடும் நேரமும் மாலையில் ஓடும் நேரமும் ஒன்றாக இருக்காது, பார்த்து மாற்றி எழுதணும். வேண்டுமென்றே நேரத்தைக் கூட்டி எழுதிவிட்டு, கோட்டுக்கு முன்னால் பிரேக் பிடிப்பவர்களும் வருவார்கள். கார் நான் ஓட்டியதில்லை, இதெல்லாம் பைக்குக்குச் சொல்வது.

ரேஸ் நடத்துபவர்களிடம் ஓப்பன் கிளாஸை நிறுத்தச் சொல்லவில்லை. கூடவே இதையும் நடத்துங்கள், இரண்டு லேனுக்கும் தனித்தனியாக விளக்கு போடும் டைமிங் செட் இருந்தால் போதும்.