சிசிடிவி வீடியோவைத் தெளிவாக்கித் தருகிறோம் என்று வருபவர்கள்: தேக்கா கடைக்காரர்கள் கவனத்துக்கு

சிங்கப்பூர் தேக்காவில் ஒரு கம்பெனிக்காரர்கள் கடை கடையாக ஏறி இறங்குகிறார்கள். மங்கலான சிசிடிவி வீடியோவை ஏஐ மென்பொருளில் போட்டுத் தெளிவாக்கித் தருவார்களாம். போலீஸும் இன்ஷூரன்ஸும் ஏற்றுக்கொள்ளும் 'தடயவியல் தரம்' என்று அட்டையில் அச்சடித்திருக்கிறார்கள். என்னிடம் 480 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வாங்கிக்கொண்டு என்ன கொடுத்தார்கள் என்று சொல்கிறேன்.

கடை வாசலில் நின்ற எங்கள் வேனை, ரிவர்ஸ் எடுத்த இன்னொரு வேன் இடித்துப் பின்கதவை நசுக்கிவிட்டு நிற்காமல் போய்விட்டது. இரவு, மழை வேறு. கேமராவில் எல்லாம் பதிவாகியிருந்தது, நம்பர் மட்டும் படிக்க முடியவில்லை. போலீஸில் புகார் கொடுத்தோம், இன்ஷூரன்ஸுக்கும் சொல்லிவிட்டோம். நம்பர் கிடைத்தால் செலவு இடித்தவன் தலையில் போகும், இல்லையென்றால் நம் தலையில். அதனால் இவர்களைக் கூப்பிட்டேன்.

வந்த தம்பி நம்மவர்தான். "அண்ணே, டிரைவர் நெத்தியில திருநீறு இருந்தாக்கூடத் தெரியும்" என்றார். வீடியோவை வாட்ஸப்பில் அனுப்பச் சொன்னார். ரெக்கார்டரில் இருக்கும் அசல் ஃபைல் வேண்டாமா என்று கேட்டேன். "அதெல்லாம் பழைய முறை அண்ணே." பணம் முழுவதும் முன்கூட்டியே, போனிலேயே பணம் அனுப்பும் பேநவ்வில்.

திரும்பி வந்த வீடியோ பளபளவென்று இருந்தது. ஜிபியில் (GB) தொடங்கும் நம்பர், நான்கு இலக்கம், கடைசி எழுத்து 'என்' (N). டாக்சி ஓட்டும் என் மைத்துனர் பார்த்த உடனே சொன்னார்: "அத்தான், என்னில முடியிற வண்டி இங்க ஏது?"

அவர் சொன்னது சரி. இங்கே சாதாரண வண்டிகளின் கடைசி எழுத்து கணக்குப் போட்டு வருவது. முன்னால் உள்ள எழுத்துகளில் கடைசி இரண்டை எண்ணாக்கி (ஏ என்றால் 1, பி என்றால் 2), அவற்றையும் நான்கு இலக்கங்களையும் வரிசையாக 9, 4, 5, 4, 3, 2 ஆல் பெருக்கிக் கூட்டி, 19 ஆல் வகுத்தால் வரும் மீதிதான் அந்த எழுத்தை முடிவு செய்யும். மொத்தமே 19 எழுத்துகள். எஃப், ஐ, என், ஓ, கியூ, வி, டபிள்யூ அதில் கிடையாது. ஆக, எந்த ரோட்டிலும் ஓடாத ஒரு வண்டிக்கு நம்பர் தயாரித்துக் கொடுத்திருக்கிறார்கள்.

அப்புறம் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். எதிர்க் கடைப் பலகையில் இருக்கும் தமிழ் எழுத்துகள் எந்த மொழியிலும் இல்லாத சுழிகளாக மாறியிருந்தன. டிரைவருக்குப் புதிதாக ஒரு முகம், வழவழவென்று, விளம்பரத்தில் வருகிற ஆள் மாதிரி.

எங்களுக்குக் கேமரா மாட்டியவர் விளக்கினார். அசல் வீடியோவில் அந்த பிளேட் ஏறக்குறைய 20 பிக்சல் (படப் புள்ளி) அகலம்தான், ஓர் எழுத்துக்கு இரண்டரைகூடத் தேறாது. ஓர் ஆளை உறுதியாக அடையாளம் காணவே, காட்சியில் ஒரு மீட்டர் அகலத்துக்கு 250 பிக்சல் வேண்டும் என்பது சிசிடிவிக்கான சர்வதேசத் தரத்தின் 2014 பதிப்பில் உள்ள அளவு. உண்மையான தடயவியல் மென்பொருள் ஆட்டத்தை நிறுத்தும், பல பிரேம்களை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிச் சராசரி எடுத்து இரைச்சலைக் குறைக்கும், கோணத்தைச் சரிசெய்யும். பதிவில் இருப்பதைத்தான் அது வெளியே கொண்டுவரும். இந்த ஏஐ வகை, இல்லாத இடத்தைத் தான் கற்றதிலிருந்து இட்டு நிரப்பும். வாட்ஸப் வேறு வீடியோவைச் சுருக்கி, இருந்த கொஞ்சத்தையும் தின்றுவிடும். அசலை வைத்து அவர் முயன்றதில் இரண்டு இலக்கம் தேறியது. மற்றதைச் சொல்ல முடியாது என்று நேர்மையாகச் சொல்லிவிட்டார்.

இன்ஷூரன்ஸ் சர்வேயர் கேட்டதும் அசல் ஃபைலைத்தான். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் கிங் கவுன்டி நீதிபதி ஒருவர், கொலை வழக்கொன்றில் இப்படி ஏஐ மெருகேற்றிய வீடியோவை 2024 மார்ச்சில் சாட்சியமாக ஏற்க மறுத்திருக்கிறார். 'தடயவியல் தரம்' என்று விற்பவர்களுக்கு இது தெரியாதா என்ன?

எனக்குக் கோபம் 480 வெள்ளிக்காக மட்டும் இல்லை. அந்தக் கடைசி எழுத்து தற்செயலாகச் சரியாக விழுந்திருந்தால்? யாரோ ஒரு டிரைவர், சம்பந்தமே இல்லாமல், போலீஸுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பார்.

கம்பெனியைக் கேட்டால் 'முடிவுகள் மாறுபடலாம்' என்று பில்லின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதைக் காட்டினார்கள். பாதிப் பணத்தை அடுத்த வேலைக்குக் கழித்துக்கொள்வார்களாம். அடுத்த வேலையாவது, ஒன்றாவது! சிறிய தொகை வழக்குகளை விசாரிக்கும் ஸ்மால் கிளெய்ம்ஸ் நடுவர் மன்றத்தில் மனுப் போட்டிருக்கிறேன். அங்கே 20,000 வெள்ளி வரை கேட்கலாம், வக்கீல் தேவையில்லை, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும்.

அது முடியும்வரை கம்பெனி பெயரைப் பொதுவில் போடப்போவதில்லை. இதே மாதிரி பணம் கட்டியவர்கள் இருந்தால் பில், பேநவ் ரசீது, அவர்கள் அனுப்பிய வீடியோ மூன்றையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு எனக்குத் தனியாக எழுதுங்கள். ரெக்கார்டர் பழைய பதிவின் மேலேயே புதிதை எழுதிவிடும், அசலை இன்றைக்கே ஒரு தம்ப் டிரைவில் எடுத்துவிடுங்கள்.