டப்பாவா, பொட்டலமா? நீண்ட தூர சைக்கிளுக்கு எந்தச் சர்க்கரைத் தண்ணீர்

சிங்கப்பூரில் ஞாயிறு விடிகாலை சாங்கிப் பக்கம் சைக்கிள் மிதிக்கிற யாருக்கும் இந்தக் கேள்வி ஒரு நாள் வந்தே தீரும். இரண்டு மணி நேரத்தைத் தாண்டினால் வெறும் தண்ணீர் போதாது. மணிக்கு 60 கிராம் வாக்கில் மாவுச்சத்து (சர்க்கரையும் அதில்தான் சேரும்) உள்ளே போனால்தான் கால் பேச்சைக் கேட்கும். அதற்குக் கடையில் விற்கும் தூள் பொட்டலத்தை வாங்குவதா, வீட்டிலேயே கலந்துகொள்வதா? இரண்டு வருஷம் பொட்டலம் வாங்கினேன். போன வருஷத்திலிருந்து டப்பாக் கட்சி, அதாவது வீட்டுக் கலவை. அதனால் இது நடுநிலையான அலசல் இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

காப்பிக் கடையில் கிடைக்கும் போத்தல் பானங்களை ஏன் கணக்கில் சேர்க்கவில்லை என்று கேட்பீர்கள். 2022 டிசம்பர் கடைசியில், பானங்களைச் சர்க்கரை அளவை வைத்துத் தரம் பிரிக்கும் நியூட்ரி-கிரேட் முத்திரை இங்கே வந்தது. ‘பி’ தரம் வேண்டுமென்றால் 100 மில்லிக்கு 5 கிராம் சர்க்கரைக்கு மேல் போகக்கூடாது. அரை லிட்டர் போத்தலில் அதிகபட்சம் 25 கிராம்தான். அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு நல்லது. 60 கிராம் வேண்டிய எனக்கு மணிக்கு ஏறக்குறைய ஒன்றே கால் லிட்டர் குடிக்க வேண்டிவரும். ஆளை விடுங்கள்.

விலையைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. நல்ல பொட்டலம் ஒன்றின் விலையில் உணவங்காடி நிலையத்தில் ஒரு வேளைச் சாப்பாடு முடிந்துவிடும். வீட்டுக் கலவைக்கு ஒரு சீசாவுக்கு அரை வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கூட ஆகாது.

சரி, கலவைக்கு வருவோம். குளுக்கோஸுக்குக் குடலில் ஒரு வாசல், ஃபிரக்டோஸுக்கு வேறு வாசல். குளுக்கோஸ் வாசலில் மணிக்கு 60 கிராம் வாக்கில் நெரிசல் தொடங்கிவிடும். ஃபிரக்டோஸும் சேர்ந்தால் 90 வரை போகலாம். இது தெரியாமல் ஆரம்பத்தில் வெறும் குளுக்கோஸ் தூளை 90 கிராம் கரைத்துக்கொண்டு மண்டாய் பக்கம் போனேன். வயிறு பானை மாதிரி உப்பி, சாலையோரம் இருபது நிமிஷம் உட்கார்ந்திருந்தேன். உள்ளே போக வழியில்லாத சர்க்கரை குடலிலேயே தங்கித் தண்ணீரை இழுக்கும், அவ்வளவுதான் விஷயம்.

60 கிராமுக்கு, இரண்டு பங்கு குளுக்கோஸுக்கு ஒரு பங்கு ஃபிரக்டோஸ் என்ற விகிதத்தை வீட்டில் இரண்டு விதமாகக் கொண்டுவரலாம். 40 கிராம் மால்டோடெக்ஸ்ட்ரின் (குளுக்கோஸ் சங்கிலியாகக் கோத்த தூள்), 20 கிராம் ஃபிரக்டோஸ். அல்லது 40 கிராம் சாதாரணச் சீனி, 20 கிராம் மால்டோடெக்ஸ்ட்ரின். சீனியே பாதி குளுக்கோஸ், பாதி ஃபிரக்டோஸ் என்பதால் கணக்கு ஒன்றுதான். முதல் வகையில் தித்திப்பு குறைவு. பொட்டலக்காரர்கள் பெரும்பாலும் அந்த வழியில்தான் போகிறார்கள். நானும் ஒரு கிலோ ஃபிரக்டோஸ் வாங்கினேன்.

அங்கேதான் சிங்கப்பூர் குறுக்கே வந்தது. ஃபிரக்டோஸ் காற்றில் ஈரப்பதம் 60 விழுக்காட்டைச் சற்றுத் தாண்டினாலே தண்ணீரை இழுக்க ஆரம்பிக்கும். சீனி ஏறக்குறைய 85 வரை தாங்கும். நம் ஊரில் ஆண்டுச் சராசரியே 80க்கு மேல். விடியற்காலையில் 90ஐத் தாண்டுவது சகஜம். நானோ அந்த நேரத்தில்தான் டப்பாவைத் திறப்பேன். மூன்றாவது வாரம் கரண்டி இறங்கவில்லை. மேலே ஈரமாகப் பளபளக்கிற ஓடு, கீழே ஒரே கட்டி. கத்தி முனையால் குத்தினேன், வில்லை வில்லையாகப் பெயர்ந்தது. ஒரு வில்லை தெறித்து அடுப்புக்குப் பின்னால் போய், மறுநாள் எறும்புப் படையே வந்தது. கட்டியை உடைத்துத் தராசில் வைத்தாலும் 20 கிராம் என்று அது காட்டுவதில் எவ்வளவு தண்ணீர், எவ்வளவு சர்க்கரை?

இதைவிடப் பெரிய தப்பு ஒன்றும் செய்தேன். வாரா வாரம் எடை போடச் சோம்பல்பட்டு, மால்டோ, ஃபிரக்டோஸ், உப்பு எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் மொத்தமாகக் கலந்து வைத்தேன். இந்தச் சரக்குகள் தனித்தனியாக இருந்தால் தாங்குகிற ஈரத்தைக்கூடச் சேர்ந்திருக்கும்போது தாங்காது. பத்தே நாளில் நசநசத்து, பாகு காய்ச்சி ஆறவிட்ட மாதிரி ஆகிவிட்டது. ஊரிலிருந்து வந்திருந்த அம்மா டப்பாவைத் திறந்து பார்த்து, “என்னடா இது, கோலமாவு வெச்சிருக்கியா? இப்படி நனைஞ்சு கெடக்கு?” என்றார்.

பொட்டலத்துக்கு இந்தத் தலைவலியே கிடையாது. ஒவ்வொரு வேளைக்கும் தனி உறை, உள்ளே காற்றே புகாது. இந்த ஒரு விஷயத்துக்காகவே திரும்பவும் பொட்டலத்துக்குப் போயிருப்பேன், சீனி மட்டும் இல்லையென்றால்.

இப்போது என்னிடம் இரண்டே டப்பா. ஒன்றில் சீனி, ஒன்றில் மால்டோ, இரண்டிலும் ரப்பர் வளையம் வைத்த மூடி. உப்பு சமையலறையில் இருப்பதே போதும். ஒன்றரை கிராம் போட்டால் கிட்டத்தட்ட 600 மில்லிகிராம் சோடியம். முதல் நாள் இரவு 750 மில்லி சீசாவில் பாதித் தண்ணீர், அதற்கப்புறம் தூள், மூடிக் குலுக்கல், மீதித் தண்ணீர், குளிர்பெட்டி. தூளை முதலில் போட்டால் மால்டோ அடியில் பசையாக ஒட்டிக்கொள்ளும். எட்டு விழுக்காட்டுக் கரைசல், வயிறு முனகுவதில்லை.

குறை இல்லாமல் இல்லை. மூன்றாவது மணி நேரத்தில் சீசா வெயிலில் சூடாகும்போது சீனிக் கலவை ஆறிப்போன பாயசம் மாதிரி தொண்டையில் நிற்கும். இரண்டு கலமன்சி (சின்ன எலுமிச்சை) பிழிந்துவிடுகிறேன், ஓரளவு சமாளிக்கலாம். தித்திப்பு சுத்தமாக ஆகாது என்பவர்கள் பொட்டலத்துக்கே போகலாம், நான் வாதாட மாட்டேன். மணிக்கு 75 கிராமைத் தாண்டி இந்தக் கலவையை நான் குடித்துப் பார்த்ததும் இல்லை. 90 வேண்டும் என்கிற வேகக்காரர்கள் என் பேச்சை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மாரத்தான் வீரர் கிப்சோகே குடித்ததால் பேர் வாங்கிய மார்ட்டன் என்ற பொட்டல வகையும் இருக்கிறது; வயிற்று அமிலம் பட்டதும் கூழாக மாறும் சரக்கு. அரை லிட்டரில் 80 கிராம், ஆனாலும் இனிப்பு உறுத்தவில்லை. ஒரே ஒரு தடவைதான் குடித்தேன், அதுவும் நண்பர் தந்தது. ஒரு தடவையை வைத்துத் தீர்ப்புச் சொல்வது நியாயமில்லை.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் நான் இன்னமும் பொட்டலம்தான். மலேசியாவிலுள்ள தேசாரு வரை போகிற நாட்களில், உட்லண்ட்ஸ் எல்லைச் சோதனைச்சாவடியில் எடை போட்ட வெள்ளைத் தூளைச் சின்னச் சின்னப் பிளாஸ்டிக் பைகளில் வைத்துக்கொண்டு நின்று, “சார், இது சீனி” என்று விளக்கிக்கொண்டிருக்க எனக்குத் தைரியமில்லை. அச்சடித்த உறை நான்கு, சட்டையின் முதுகுப் பையில்.