கிளட்ச் பிளேட் மாத்தியாச்சுன்னு சொன்னா, முதலில் எஞ்சின் கவர் போல்ட்டைப் பாருங்கள்

பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பக்கமிருந்து பைக்கில் மீன் ஏற்றிப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ராமநாதபுரத்தில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் 2,850 ரூபாய் கொடுத்து ஏமாந்தேன். பணம் போனதைவிட, அதனால் ஒரு வயதான அம்மா கீழே விழுந்ததுதான் இன்னும் மனதை அறுக்கிறது.

மீன்பிடித் தடைக்காலம் முடிந்து ஜூன் 15-இல் விசைப்படகுகள் கடலுக்குப் போக ஆரம்பித்த வாரம் அது. விடியற்காலையில் பின்னால் ஐஸ் பெட்டி நிறைய சங்கரா மீனும் பாறை மீனும். பாம்பன் சாலைப் பாலம் நடுவில் மேடாக ஏறுவது உங்களுக்குத் தெரியும். கச்சான் காற்று பக்கவாட்டில் தள்ளுகிறது. அந்த ஏற்றத்தில் நாலாவது கியரில் ஆக்சிலேட்டரைத் திருகினால் எஞ்சின் மட்டும் கத்துகிறது, வண்டி இழுக்கவில்லை. மூன்றாவதுக்கு இறக்கினேன், அப்போதும் அப்படித்தான். மண்டபம் போய் இறங்குவதற்குள் கருகிய வாடை வந்துவிட்டது.

நேராக அந்த ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துவிட்டு, "கிளட்ச் பிளேட் காலிண்ணே. வண்டிய விட்டுட்டுப் போங்க, சாயங்காலம் வாங்க" என்றார்கள். சாயங்காலம் ஒரு துண்டுச் சீட்டு நீட்டினார்கள். பிளேட் செட், ஸ்பிரிங், பேக்கிங் (ஆயில் கசியாமல் மூடி இடுக்கில் வைப்பது), ஆயில், கூலி எல்லாம் சேர்த்து 2,850. பழைய பிளேட் எங்கே என்று கேட்டேன். "அதெல்லாம் அள்ளிப் போட்டாச்சுண்ணே" என்று பதில் வந்தது. வண்டி ஓடியது, மேடு ஏறியது. நானும் நம்பிவிட்டேன்.

நாலே நாளில் வேறு தொல்லை. நின்றால் நியூட்ரல் விழவில்லை. கியர் போடும்போதெல்லாம் 'டக்'கென்று வண்டி அதிர்ந்தது. கேட்டால், "புது பிளேட்டுண்ணே, செட்டாக நாளாகும்" என்றார்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் எஞ்சினை அணைத்து, நியூட்ரலுக்குத் தள்ளி, மறுபடி கிக்கரை மிதித்துக் கிளப்பி ஓட்டினேன்.

உச்சிப்புளி கடைத்தெருவில் ஒரு பஸ்ஸுக்குப் பின்னால் அப்படித்தான் நின்றேன். கிளப்பி, கிளட்ச்சை முழுசாகப் பிடித்துக்கொண்டு முதல் கியரை மிதித்தேன். கிளட்ச் என் கையில் இருக்கும்போதே வண்டி முன்னால் பாய்ந்தது. பஸ்ஸிலிருந்து இறங்கிய அம்மாவின் கூடையில் இடித்து அவர் விழுந்தார். முழங்கால் தோல் உரிந்துவிட்டது. "பாத்து ஓட்டக் கூடாதாய்யா" என்று மட்டும்தான் சொன்னார். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்க் கட்டுப் போட்டு வீட்டில் விட்டேன். எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. இன்னும் ஒரு முழம் தள்ளி வண்டி பாய்ந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

அதே ஊரில் ஒரு வயதான மெக்கானிக் இருக்கிறார், எல்லாரும் பாய் என்போம். அவர் குனிந்து எஞ்சினின் வலப்பக்கத்தைப் பார்த்தார், கிளட்ச் இருப்பது அந்தப் பக்க மூடிக்குள்தான். "தம்பி, இந்த மூடிய யாரும் கழட்டவே இல்லயே" என்றார். கடற்கரையில் ஓடுகிற வண்டிக்கு உப்புக்காற்றில் போல்ட் தலையெல்லாம் துரு ஏறும், அலுமினிய மூடியில் வெள்ளையாகப் பொடி பூக்கும். ஸ்பேனர் பட்டிருந்தால் அந்தத் துரு உதிர்ந்து உள்ளே பளிச்சென்று தெரியும். என் வண்டியில் ஒரு போல்ட்டில்கூட ஸ்பேனர் பட்ட தடம் இல்லை. என் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று அவரே மூடியைத் திறந்தார். பேக்கிங் காய்ந்து மெட்டலோடு ஒட்டிப்போயிருந்தது, பிளேடால் சுரண்டித்தான் எடுக்க முடிந்தது. உள்ளே பழைய பிளேட்டுகளேதான். வெர்னியர் அளவுகோல் வைத்துத் தடிமனை அளந்து, தேய்மானம் குறைவுதான், இன்னும் ஓடும் என்றார்.

கோளாறு முழுக்க கேபிளில்தான். உப்பு இறங்கி உள்கம்பி துருப்பிடித்து, கையை விட்டாலும் முழுசாகத் திரும்பாமல் இருந்திருக்கிறது. கிளட்ச் பிடியை இழுத்தால் பிளேட்டுகள் பிரியும், எஞ்சினின் இழுவை கியருக்குப் போகாது. விட்டால் ஸ்பிரிங் அவற்றை அழுத்திச் சேர்க்கும். கேபிள் இறுகி நின்றால் ஸ்பிரிங்கால் முழுசாக அழுத்த முடியாது. பிளேட் வழுக்கும், சூடாகும், கருகும். பாலத்தில் எனக்கு நடந்தது அதுதான். ஒர்க்‌ஷாப்காரர்கள் ஆயிலை மாற்றிவிட்டு, கேபிளை இறுக்கித் தளர்த்தும் அட்ஜஸ்டரை அளவுக்கு மேல் லூசாக்கி அனுப்பியிருக்கிறார்கள். லூஸ் அதிகமானால் பிடியை முழுசாக இழுத்தாலும் பிளேட் பிரியாது. நியூட்ரல் விழாததும் வண்டி பாய்ந்ததும் அதனால்தான்.

புது கேபிள், பேக்கிங், ஆயில், கூலி எல்லாம் சேர்த்துப் பாய் வாங்கியது 900 ரூபாய்க்குள்.

அவர் காட்டியதை நீங்களும் வீட்டிலேயே பார்க்கலாம். கிளட்ச் பிடியின் நுனியை ஒரு விரலால் மெதுவாக இழுங்கள். கனம் தட்டுவதற்கு முன் பெரும்பாலான சின்ன பைக்குகளில் 10 முதல் 20 மில்லிமீட்டர் வரை சும்மா ஆட வேண்டும். உங்கள் வண்டியின் அளவு அதோடு வந்த புத்தகத்தில் இருக்கும். ஆட்டமே இல்லை என்றாலோ, பிடி தானாகத் திரும்பவில்லை என்றாலோ, பிளேட் பேச்சை எடுக்குமுன் கேபிளைப் பார்க்கச் சொல்லுங்கள். கடலோரத்தில் இருக்கிற நாம் கேபிளுக்கு அடிக்கடி எண்ணெய் விட்டே ஆகவேண்டும்.

ஆயில் டப்பாவையும் உங்கள் எதிரில் உடைக்கச் சொல்லுங்கள். கியர் பைக்கின் கிளட்ச் எஞ்சின் ஆயிலிலேயே முங்கி ஓடுவதால் டப்பாவில் ஜாசோ (JASO) என்ற தரக்குறியீட்டில் எம்ஏ (MA) அல்லது எம்ஏ2 (MA2) என்று இருக்க வேண்டும். எம்பி (MB) என்பது கியரில்லாத ஸ்கூட்டருக்கானது, அதை ஊற்றினால் நல்ல பிளேட்டும் வழுக்கும்.

திரும்பப் போய்க் கேட்டபோது, "வெளிய ஏன் தொறந்தீங்க, இனி நாங்க பொறுப்பில்ல" என்று கைகழுவிவிட்டார்கள். சீட்டில் கடைப் பெயர் இல்லை, வண்டி நம்பர் இல்லை. நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் சொல்லலாம்தான், ஆனால் கையில் ஒழுங்கான பில் இல்லாமல் நான் எதைக் காட்டுவது? வேலை முடிந்ததும் வண்டி நம்பரோடு பில்லும் கழற்றிய பழைய சாமானும் கைக்கு வராமல் காசை எடுக்காதீர்கள். வண்டியை விடும்போதே கவர் போல்ட்டுகளை மொபைலில் ஒரு படம் பிடித்துக்கொள்ளுங்கள்.

பாய் சுரண்டி எடுத்த பேக்கிங் துண்டுகளையும் அந்தத் துண்டுச் சீட்டையும் ஒரு கவரில் போட்டு வைத்திருக்கிறேன். பாம்பன் ஏலத்துக்கு வருகிறவர்கள் யார் கேட்டாலும் எடுத்துக் காட்டுகிறேன்.