36 பிள்ளைகளுக்கு என்ன வாங்கலாம்? திருகோணமலையில் எடுத்த விளையாட்டுச் சாமான்கள் பற்றி ஒரு ரீச்சரின் கணக்கு

உடற்கல்விக்குச் சாமான் வாங்கப் போகிறவர்கள் பெட்டிக்குள் எத்தனை பொருள் இருக்கிறது என்று எண்ணாதீர்கள். அதை மைதானத்தில் விரித்தால் எத்தனை பிள்ளைகள் சும்மா நிற்பார்கள் என்று எண்ணுங்கள். கீழே நான் எடுங்கள், வேண்டாம் என்று சொல்லியிருப்பதெல்லாம் இந்த ஒரு கணக்கை வைத்துத்தான்.

நான் உப்புவெளிப் பக்கம் ஒரு சின்னப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். உடற்கல்விக்கென்று ஆசிரியர் இல்லாததால் தரம் 8இன் சுகாதாரமும் உடற்கல்வியும் என் நேரசூசியில் வந்து ஒட்டிக்கொண்டது. வகுப்பில் 36 பேர். சாமான் அறையில் இருந்தது காற்றுப் போன கரப்பந்து ஒன்று, குண்டு போடுதலுக்கான துருப்பிடித்த குண்டு ஒன்று, கால் இல்லாத கரம் போர்ட் ஒன்று. பாடவேளை 40 நிமிடம். ஒரு பந்தை 36 பேருக்குப் பங்கு போட்டால் ஆளுக்கு ஒரு நிமிடம் வரும் என்பது கடதாசிக் கணக்கு. மைதானத்தில் அந்த 40 நிமிடத்தையும் நாலைந்து பொடியன்கள் எடுத்துக்கொள்வார்கள், மிச்சப் பேர் வேம்புக்குக் கீழே இருந்து கதைப்பார்கள்.

5 முதல் 17 வயது வரையான பிள்ளைகள் நாளுக்குச் சராசரி 60 நிமிடமாவது நன்றாக மூச்சு வாங்க உடம்பை அசைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டல் சொல்கிறது. எங்கள் பிள்ளைகள் ஒன்றரைக்குப் பாடசாலை விட்டால் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு, உடுப்பு மாற்றி, ரியூசனுக்கு ஓடுகிறார்கள். ரியூசன் விடும்போது இருட்டிவிடும். ஆகவே என் பாடவேளையில் வேம்புக்குக் கீழே இருக்கிற பிள்ளைக்கு அன்றைக்கு வேறெங்கும் அசைவு கிடைக்காது என்றே வைத்துக்கொள்ளலாம்.

பாடசாலை அபிவிருத்திச் சங்கம் 25,000 ரூபாய் ஒதுக்கியது. என்.சி. வீதிப் பக்கம் ஒரு ஒடுங்கிய கடை. வாசலில் வெற்றிக் கிண்ணங்களும் பதக்கங்களும் தொங்கும், விளையாட்டுச் சாமான் இருப்பது பின் அறையில். கடைக்கார நானா (முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்) முதலில் ஒரு பெரிய பெட்டியைத் தூக்கி மேசையில் வைத்தார். தரையில் விரிக்கிற ஏணி, குட்டித் தடைகள், கால் கட்டுகிற இரப்பர் பட்டி என்று படம் போட்ட பெட்டி.

"ரீச்சர், இந்த செட்டை எடுங்க. எல்லாம் இதுக்குள்ள இருக்கு."

"நானா, இது ஒரே நேரத்தில எத்தனை பேருக்கு?"

"ஒவ்வொருத்தரா ஓடி ஓடிச் செய்யலாம்."

"ஒருவர் ஓட முப்பத்தஞ்சு பேர் பார்க்கவா?"

அவர் சிரித்துவிட்டு, பெட்டியைத் திரும்ப எடுத்து வைத்துவிட்டு, பின் அறைக்கே என்னைக் கூட்டிப்போனார். இந்தக் கடையில் எனக்குப் பிடித்தது அதுதான். தொகுதியாக எடு என்று நிற்காமல் உதிரியாகத் தருவார். அந்த ஏணியைக் குறை சொல்லவில்லை. தெரிவு செய்த பத்துப் பேருக்குப் பயிற்சி கொடுக்கிறவருக்கு நல்ல சாமான். வகுப்புக்குச் சரிவராது.

முதல் இடம் தட்டைக் கூம்புகளுக்கு. 50 கூம்பு, அடுக்கி வைக்கிற கம்பியோடு 3,500 ரூபாய். பிள்ளைகள் அதைத் தொப்பி என்கிறார்கள், தலையில் வைத்தும் பார்த்துவிட்டார்கள். இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போனால் மணி அடித்து எல்லோரும் வந்து சேர்வதற்குள் ஆறு சின்னக் கட்டம் குறித்துவிடலாம். கட்டத்துக்கு ஆறு பேர், மூன்றுக்கு மூன்று. பந்து போதாவிட்டால் பழைய துணியைச் சுருட்டிக் கட்டிய பந்து போதும். பெரிய மைதானத்தில் பந்தே வராத மூலையில் ஒளிந்து நிற்கிற பிள்ளைக்கு இதில் ஒளிய இடமில்லை, எந்தப் பக்கம் திரும்பினாலும் பந்து வரும். குறையும் உண்டு. வெயிலில் விட்டால் பிளாஸ்ரிக் நொறுங்குகிறது. கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் ஒரு நாள் முழுக்க மைதானத்தில் கிடந்த கூம்புகள் மிதிபட்டவுடன் வெடித்தன. பாடவேளை முடிந்ததும் எண்ணி எடுத்து உள்ளே வைக்க வேண்டும். நகரத்துக்குள் படிப்பிக்கிற என் தோழிக்கு வேறு பிரச்சினை. அவளுடைய மைதானத்துக்கு மான்கள் வருகின்றன, ஒன்று கூம்பைக் கடித்தே பார்த்துவிட்டதாம்.

என் கணக்கில் கூம்பையும் வெல்கிற ஒன்று இருக்கிறது, அதற்குக் காசே வேண்டாம்: கிளித்தட்டு, கோடுகளில் நின்று மறிக்கிறவர்களைத் தாண்டி ஓடுகிற நம்மூர் விளையாட்டு. காலால் கோடு கீறினால் முடிந்தது. மறிக்கிறவனும் ஓடுகிறவனும் மறிக்கிறவர்களின் தலைவனான கிளியும் ஒரே நேரத்தில் அசைந்துகொண்டிருப்பார்கள். நானாவுக்கு இதில் இலாபமில்லை என்று சொன்னபோது, தான் சின்ன வயதில் கிளியாக நின்ற கதையைச் சொல்லத் தொடங்கி, வந்த வேறு வாடிக்கையாளரை மறந்துவிட்டார்.

நிறுத்தற்கடிகாரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும், ஏனென்றால் கொடுத்த காசுக்குக் கூட உழைத்தது அதுதான். நானா இரண்டு காட்டினார். ஒன்று 4,800 ரூபாய், ஏகப்பட்ட சுற்று நேரங்களை நினைவில் வைக்கும், மழையில் நனைந்தாலும் ஒன்றும் ஆகாது. மற்றது 1,400 ரூபாய், மூன்று பொத்தானும் கழுத்துக் கயிறும்தான். நான் மலிவானதில் மூன்று எடுத்தேன். மூன்றுக்குக் காரணம் இருக்கிறது. கையால் நேரம் எடுக்கிற ஓட்டப் போட்டியில் மூன்று நேரக்கணிப்பாளர்கள் நிற்பார்கள். இரண்டு கடிகாரம் ஒத்துப்போய் மூன்றாவது மாறினால் அந்த இரண்டும் காட்டுகிற நேரம்தான் நேரம். மூன்றும் மூன்று விதமாகக் காட்டினால் நடுவில் இருப்பதை எடுப்பார்கள். கணிதப் பாடத்தில் ஆகாரம் (கூடிய தடவை வருவது), இடையம் (நடுவில் வருவது) என்று பிள்ளைகள் பாடமாக்குகிற அதே விசயம். கொப்பியில் இருக்கும்போது யாருக்கும் அக்கறை இல்லை. தன் சிநேகிதி ஓடினது 9.5ஆ 9.7ஆ என்று சண்டை வரும்போது இடையம் எது என்று பார்க்க மூன்று தலைகள் குனிகின்றன.

அடுத்தது அந்தக் கடிகாரத்தின் கடைசி இரண்டு இலக்கங்கள். அது 9.43 என்று காட்டும். கையால் எடுத்த நேரத்தை அடுத்த பத்திலொரு செக்கனுக்கு ஏற்றி 9.5 என்று எழுத வேண்டும் என்பது தடகள விதி. "ஏன் ரீச்சர் எங்கட ஆளுக்கு நேரத்தைக் கூட்டுறீங்க?" என்று ஒரு கூட்டம் வந்தது. பதில் சொல்லாமல் எல்லோரையும் சோடியாக நிற்கவிட்டு அடிமட்டம் எடுக்கச் சொன்னேன். ஒருவர் 30 சென்ரிமீற்றர் அடிமட்டத்தின் மேல் நுனியைப் பிடிக்க, மற்றவர் கீழே பூச்சியத்துக்கு நேரே விரல்களை விரித்து வைக்க வேண்டும். சொல்லாமல் விட வேண்டும், விழும்போது பிடிக்க வேண்டும். 10 சென்ரிமீற்றரில் பிடித்தால் 0.14 செக்கன், 15இல் 0.17, 20இல் 0.20, 25இல் 0.23 என்று பிரிஸ்டல் போட்டில் எழுதித் தூக்கிப் பிடித்தேன். கண் பார்த்துக் கொஞ்சம் பிந்தித்தான் விரல் வேலை செய்கிறது என்று தெரிந்த பிறகு, நூறிலொரு செக்கனை நம்பிச் சண்டை பிடிக்க யாரும் வரவில்லை. 18 சோடி, 18 அடிமட்டம், சும்மா நின்ற பிள்ளை ஒன்றுமில்லை.

விஞ்ஞான வகுப்பில் கடைசி வாங்கில் இருந்து யன்னலைப் பார்க்கிற ஒரு பொடியன் உண்டு. விடிய விடியத் தகப்பனோடு கரைவலை இழுத்துவிட்டு வருகிறவன், வகுப்பில் நித்திரை வராமல் இருந்தாலே பெரிய காரியம். அவன் 13 சென்ரிமீற்றரில் பிடித்தான். பிறகு வகுப்பே அவனோடு போட்டி போட வந்து நின்றது. (வரிசைதான், ஆனால் சும்மா நிற்கிற வரிசை இல்லை, எல்லோரும் விரலை உதறிக்கொண்டு நின்றார்கள்.) அடுத்த கிழமை வகுப்பில், பாரமான சாமான் கெதியாக விழுமா என்று கேட்டது அவன்தான். அந்தக் கேள்விக்கு ஒரு பாடவேளை முழுக்கப் போனது, நான் தடுக்கவில்லை.

ஒலியைப் பற்றிய பாடமும் இந்த நேரம் எடுப்பதிலிருந்துதான் வந்தது. மைதானத்தின் மூலைக்கு மூலை 100 மீற்றர் வரும். அந்த மூலையில் ஒருவன் இரண்டு பலகையைச் சேர்த்து அடிக்க, இந்த மூலையில் பாதிப் பேர் கண்ணால் பார்த்துக் கையைத் தூக்க வேண்டும், பாதிப் பேர் கண்ணை மூடிக் காதால் கேட்டுத் தூக்க வேண்டும். ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 340 மீற்றர் போகும், ஆகவே 0.3 செக்கன் பிந்தும். கண் மூடிய பக்கத்தின் கைகள் பிந்தி எழும்புவது நன்றாகவே தெரிகிறது. போட்டிகளில் நேரம் எடுக்கிறவர்கள் துப்பாக்கியின் சத்தத்தை விட்டுப் புகையைப் பார்த்து ஏன் அழுத்துகிறார்கள் என்று அதன் பிறகு நான் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை.

கடிகாரத்தின் குறைகள்: வெயிலில் திரையைப் பார்க்க முடியாது, கையால் மறைத்துத்தான் வாசிக்க வேண்டும். கழுத்துக் கயிற்றின் கொளுக்கி கழன்று விழும், முடிச்சுப் போட்டுவிடுங்கள். மூன்றில் ஒன்றின் பொத்தான் இறுகிப் போயிருந்தது. கொண்டுபோனேன், நானா ஒரு கேள்வியும் கேட்காமல் மாற்றித் தந்தார்.

அளவு நாடா 30 மீற்றர் போதும், 50 தேவையில்லை. கரப்பந்துத் திடல் 18க்கு 9 மீற்றர். மூலையைச் செங்கோணமாக எடுக்க 6, 8, 10 மீற்றர் முக்கோணம் பிடித்தால் மொத்தம் 24 மீற்றர், 30 மீற்றர் நாடாவை மூன்று பிள்ளைகள் மூன்று இடத்தில் பிடித்து இழுத்தால் பைதகரசின் தேற்றம் மணலில் நிற்கும். தரம் 10 பிள்ளைகளைக் கூப்பிட்டுத் திடல் கீறச் சொன்னேன், கணித சேர் வந்து பார்த்துவிட்டு நாடாவை இரவல் கேட்டார், இன்னும் முழுசாகத் திரும்பி வரவில்லை. நாடா எடுக்கும்போது உருக்கு நாடாவைத் தவிருங்கள். உப்புக் காற்றில் துருப்பிடிக்கும், பிள்ளைகளின் கையையும் வெட்டும். நார் கலந்த பிளாஸ்ரிக் நாடாதான் நம்மூருக்கு.

அதே நாடாவால் சுவரில் 2.08 மீற்றர் அளந்து வெண்கட்டியால் ஒரு கோடு போட்டேன். வலைப்பந்து வீராங்கனை தர்ஜினி சிவலிங்கத்தின் உயரம். 2018இல் ஆசியக் கிண்ணத்தை வென்ற இலங்கை அணியில் இருந்தவர், யாழ்ப்பாணத்துப் பிள்ளை. கீழே நின்று மேலே பார்த்த பிள்ளைகள் நான் சொல்லாமலே பாய்ந்து தொடப் பார்த்தார்கள். தரம் 8க்கு வரும்போது பெண்பிள்ளைகள் பலர் விளையாட்டிலிருந்து மெல்ல விலகத் தொடங்குவார்கள். சோம்பல் என்று சொல்லுகிறவர்கள், வெள்ளைச் சீருடையோடும் ரையோடும் ஒரு நாள் அந்த மண்ணில் ஓடிப் பார்க்கட்டும். அதிபரிடம் கேட்டு, உடற்கல்வி இருக்கிற நாளில் விளையாட்டு உடுப்போடு வர அனுமதி வாங்கினோம். கடையில் வாங்கின எந்தச் சாமானை விடவும் அது கூடுதலாக வேலை செய்தது. பாடவேளையையும் காலை முதலாவதுக்கு மாற்றித் தந்தார், பதினொரு மணி வெயிலில் யாராலும் ஓட முடியாது.

கயிறடிக்கிற கயிற்றை இந்தக் கடையில் வாங்காதீர்கள், நானா கோபிக்க மாட்டார். ஒன்று 400 ரூபாய், கைபிடி கழன்றுவிடும். மீன்பிடிச் சாமான் விற்கிற கடையில் நைலோன் கயிற்றை மீற்றர் கணக்கில் வாங்கி, நுனியை நெருப்பில் உருக்கி முடிச்சுப் போடுங்கள். நடுவில் மிதித்து நின்று இழுத்தால் நுனி கக்கத்துக்கு வர வேண்டும், அதுதான் அளவு. 36 பேருக்கும் ஆளுக்கொன்று வெட்டியும் காசு மிச்சம் வந்தது. சுளீரென்று அடிபட்டால் வலிக்கும் என்பதால் மிக மெல்லிய கயிறு வேண்டாம்.

கரப்பந்து இரப்பர் தோல் போட்டது ஒன்று 2,600 படி மூன்று. 1991இலிருந்து தேசிய விளையாட்டு என்றாலும், முதன்முதல் கையில் வாங்குகிற பிள்ளைக்கு அது வலிதான். காற்றைக் கொஞ்சம் குறைத்து வையுங்கள். போட்டிக்குரிய அமுக்கம் சதுர சென்ரிமீற்றருக்கு 0.30 முதல் 0.325 கிலோகிராம், பம்பி ஊசியால் கண்டபடி அடித்தால் அதைச் சுலபமாகத் தாண்டிவிடும், முழங்கை சிவந்த பிள்ளை அடுத்த கிழமை வேம்புக்குக் கீழே போய்விடும். ஊசியை ஈரமாக்காமல் குத்தவும் வேண்டாம், வால்வு கிழியும்.

நிறச் சட்டைகள் வாங்கவில்லை. 36 வியர்த்த சட்டையை யார் தோய்ப்பது? பாடசாலை இல்லங்களின் நிறத்தில் ரிபன் வெட்டிக் கையில் கட்டினோம்.

கடைக்குப் போகிறவர்களுக்கு: வெள்ளிக்கிழமை மத்தியானம் பூட்டியிருக்கும். இல்ல விளையாட்டுப் போட்டிக் காலத்தில் கிண்ணம் வாங்க வருகிறவர்களால் உள்ளே நிற்க இடம் இருக்காது, அதற்கு முன்னமே போங்கள். விலை கேட்டால் கொஞ்சம் குறைப்பார், பாடசாலைக்கு என்றால் இன்னும் கொஞ்சம் குறைப்பார். பற்றுச்சீட்டை மட்டும் பாடசாலைப் பெயரில், சாமான் ஒவ்வொன்றையும் தனித்தனியாக எழுதி, முத்திரை குத்தி வாங்குங்கள். "விளையாட்டுச் சாமான்" என்று ஒரே வரியில் எழுதித் தந்த சீட்டை எங்கள் பொருளாளர் ஏற்கவில்லை, நான் திரும்ப பஸ் ஏற வேண்டி வந்தது.