லாசிக்ஸா டார்செமைடா, அப்பாவோட நீர் மாத்திரை பஞ்சாயத்து

அப்பாவுக்கு 78 வயசு, ஹார்ட் ஃபெயிலியர், கால் வீக்கத்துக்கு ரொம்ப நாளா லாசிக்ஸ் 40 தான், அதாவது ஃப்யூரோசமைடு. போட்டு ஒரு மணி நேரத்துக்குள்ள பாத்ரூம் ஓட்டம் ஆரம்பிச்சிடும், ஆறு மணி நேரத்துல அடங்கும், லாசிக்ஸ்ங்கற பேருக்கே அதான் அர்த்தமாம், 'லாஸ்ட்ஸ் சிக்ஸ்'! அதனால மத்தியானம் வரைக்கும் மயிலாப்பூர் குளத்துப் பக்கம் வாக்கிங்கும் கிடையாது, பஸ்ஸும் கிடையாது.

இப்போ டாக்டர் டார்செமைடு 20 மாத்தியிருக்கார், லாசிக்ஸ் 40க்கு கிட்டத்தட்ட சமமான டோஸ்தான். இது குடல்ல நல்லா உறிஞ்சும், லாசிக்ஸ் அந்த விஷயத்துல ஆளுக்கு ஆள் மாறும், வேலை செய்யுற நேரமும் இதுக்கு அதிகம், அப்பாவுக்கு அவசரம் கொஞ்சம் கம்மி.

அப்போ டார்செமைடுதான் பெஸ்ட்டான்னா, அங்கதான் சிக்கல். அமெரிக்கால ஹார்ட் ஃபெயிலியரோட அட்மிட் ஆன 2859 பேர வெச்சு பண்ணின டிரான்ஸ்ஃபார்ம் ஆய்வு 2023ல வந்துச்சு, லாசிக்ஸ் குரூப், டார்செமைடு குரூப் ரெண்டுலயும் இறப்பு 26 சதவீதம் கிட்டதான், வித்தியாசமே இல்ல.

பொட்டாசியம், கிட்னி டெஸ்ட் ரெண்டு மாத்திரைக்கும் வேணும், அதுவும் சித்திரை வெயில்ல தலைசுத்தல் வந்தா உடனே டாக்டர்கிட்ட சொல்லிடுங்க. எங்க வீட்ல இப்போ சண்டை மாத்திரைக்கு இல்ல, வடுமாங்கா ஜாடிக்கு.