25,000 ரூபாய்க்கு புதுசா, பழைய ஆபீஸ் லேப்டாப்பா, மினி டெஸ்க்டாப்பா? மலையில இருக்கறவங்களுக்கு ஒரு ஒப்பீடு

போன ஐப்பசி மழையில ஒருநாள் காலைல லேப்டாப்பை ஆன் பண்ணா உள்ள இருந்து டிக் டிக்னு ஒரு சத்தம், கொஞ்ச நேரத்துல கருப்பு ஸ்கிரீன்ல டிஸ்க்கே இல்லன்னு மெசேஜ், அவ்வளவுதான். நான் கோத்தகிரி பக்கம் எங்க ஹட்டியில, அதாவது எங்க மலைக் கிராமத்துல, முப்பத்தெட்டு வீட்டோட பச்சைத்தேயிலை கணக்கு பார்க்கறேன், யாரு என்னைக்கு எத்தனை கிலோ இலை போட்டாங்க, உரத்துக்கு எவ்வளவு அட்வான்ஸ் வாங்கினாங்க, மாசக் கடைசில கைக்கு எவ்வளவு வரணும்னு எல்லாமே அந்த டிஸ்க்லதான் இருந்துச்சு. பேக்கப் ஆவணி வரைக்கும்தான் எடுத்திருந்தேன். புரட்டாசி சீட்டையெல்லாம் வீடு வீடா போய் வாங்கிட்டு வந்து திரும்ப டைப் பண்ணேன், ரெண்டு வீட்டுல சீட்டு மழையில நனைஞ்சு எழுத்தே தெரியல, அவங்க வாயால சொன்ன எடையையே எழுதிக்கிட்டேன்.

அதுக்கப்புறம் ஊட்டி, குன்னூர், கோயமுத்தூர் காந்திபுரம்னு கடை கடையா ஏறி இறங்கி மூணு வழியையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தேன். பட்ஜெட் 25,000. நம்ம ஊர்ல வாங்கறவங்களுக்கு உதவுமேன்னுதான் எழுதறேன், ஏன்னா கீழ சமவெளியில சொல்ற யோசனை எல்லாம் இங்க அப்படியே பொருந்தாது.

புது லேப்டாப்பை சீக்கிரமா முடிச்சுடறேன். இந்தக் காசுக்கு எனக்குக் காட்டினது எல்லாம் செலிரான் மாதிரி சின்ன ப்ராசஸர் போட்டதுதான், பாடி லேசான பிளாஸ்டிக், சிலதுல ரேம் போர்டோட சேர்த்து சால்டர் பண்ணிருக்கு. இஎம்எம்சின்னு போட்டிருந்தா ஸ்டோரேஜும் போர்டுலயே ஒட்டினதுதான், அது போச்சுன்னா டிஸ்க் மட்டும் கழட்டி மாத்த முடியாது, போர்டையே மாத்தணும். ஒரு வருஷம் வாரண்டி இருக்கறது நிஜமான பலம், அதை மறுக்கல. ஆனா நாலு வருஷம் கணக்கு எழுதணும்னு வாங்கற எனக்கு, கெட்டுப்போற ஒரே பாகத்தை மாத்தவே முடியாத மெஷின் வேண்டாம்னு தோணுச்சு.

அடுத்து ரீஃபர்பிஷ்டு லேப்டாப். கம்பெனிங்க மூணு நாலு வருஷம் ஓட்டிட்டு மொத்தமா தள்ளிவிடற பிசினஸ் மாடல் இதெல்லாம். திங்க்பேட் டி480, டெல் லாட்டிட்யூட் 5490, ஹெச்பி எலைட்புக் 840 ஜி5, இந்த மூணும்தான் நான் பார்த்ததுல உருப்படி. ஏன் இந்த மூணுன்னா, விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்த சப்போர்ட் 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சுபோச்சு, விண்டோஸ் 11 முறைப்படி ஏறணும்னா இன்டெல்ல எட்டாவது ஜெனரேஷனாவது வேணும், டிபிஎம் 2.0ங்கற பாதுகாப்பு சிப்பும் வேணும். ஐ5னு எழுதி அதுக்கப்புறம் வர்ற நம்பர் 8ல ஆரம்பிக்குதான்னு பாருங்க, 8250யூ, 8350யூ மாதிரி. டி470யும் டி480யும் பார்க்க அண்ணன் தம்பி மாதிரி ஒரே முகஜாடை, ஆனா டி470 ஆறாவது ஏழாவது ஜெனரேஷன், ரெண்டே கோர், டி480ல நாலு கோர். எலைட்புக்லயும் ஜி4 ஏழு, ஜி5தான் எட்டு. ஆயிரம் ரெண்டாயிரம் கம்மின்னு பழசை எடுத்துட்டு பிறகு விண்டோஸ் 11 ஏறலைன்னு நிக்காதீங்க. லினக்ஸ் போட்டுக்கறேன்னா ஏழாவது ஜெனரேஷனே தாராளம், என் பொண்ணு அதுலதான் படிக்கறா.

இன்னொன்னு, கடையிலயே பயாஸ் செட்டப்புக்குள்ள, அதாவது விண்டோஸ் ஏறறதுக்கு முன்னாடி வர்ற செட்டிங்குக்குள்ள, போய்ப் பாருங்க. பழைய கம்பெனி போட்ட பாஸ்வேர்டு அப்படியே இருந்துச்சுன்னா பேசாம எழுந்து வந்துடுங்க, திங்க்பேட்ல சூப்பர்வைசர் பாஸ்வேர்டை எடுக்கறது சாதாரண கடைக்காரர் வேலை கிடையாது.

மூணாவது மினி டெஸ்க்டாப். ஆப்டிபிளெக்ஸ் 3060 மைக்ரோ, திங்க்சென்டர் எம்720க்யூ, எலைட்டெஸ்க் 800 ஜி4 மினி, எல்லாம் பெரிய டிபன் டப்பா சைஸ்தான், எட்டாவது ஜெனரேஷன்தான், அதே காசுக்கு லேப்டாப்பைவிட வேகம் அதிகம், ரேம் டிஸ்க் ரெண்டையும் ஒரு ஸ்க்ரூடிரைவரோட நீங்களே மாத்தலாம். உடைய ஹிஞ்ச் கிடையாது, தேய பேட்டரி கிடையாது. ஆனா மானிட்டர், கீபோர்டு, யூபிஎஸ் மூணையும் சேர்த்துக் கணக்குப் போடணும், யூபிஎஸ் இல்லாம வாங்கறேன்னு யாராச்சும் சொன்னா நான் கையைப் பிடிச்சுத் தடுப்பேன். எங்க பக்கம் வடகிழக்குப் பருவமழை வந்துட்டா மரம் லைன் மேல சாயும், ஒரு நாளைக்கு அஞ்சாறு தடவை கரண்ட் போய்ப் போய் வரும். ஹார்ட் டிஸ்க் ஓடிக்கிட்டிருக்கும்போது கரண்ட் போச்சுன்னா, சுத்திக்கிட்டிருக்கற தட்டோட வேகத்துல இருந்தே கொஞ்சம் கரண்டை எடுத்து ஹெட்டை, அதாவது தட்டைப் படிக்கற முனையை, அவசரமா ஓரம் கட்டும், டிசைனே அப்படித்தான், ஆனா அது நிதானமா பார்க் பண்றது மாதிரி இல்ல, வெடுக்குனு இழுக்கறது. அதோட அந்த நொடியில எழுதிக்கிட்டிருந்த ஃபைல் பாதியில நிக்கும். லேப்டாப்ல பேட்டரியே யூபிஎஸ், டி480ல உள்ள ஒண்ணு வெளிய ஒண்ணுன்னு ரெண்டு பேட்டரி, வெளிய இருக்கறதைக் கழட்டிப் புதுசு போட்டுக்கலாம். கட்டபெட்டுல ஜெராக்ஸ் கடை வச்சிருக்கற மச்சானுக்கு மினி டெஸ்க்டாப்தான் சரின்னு சொன்னேன், அவருக்கு கடையில ஏற்கனவே இன்வெர்ட்டர் இருக்கு, மெஷினும் நகராது. வீட்டுக்கும் இலை எடை போடற இடத்துக்கும் தூக்கிட்டு அலையற எனக்கு லேப்டாப்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். மேல சொன்னதுல எதை வாங்கினாலும் ஓரளவு பிழைச்சுக்கலாம், டிஸ்க்ல தப்பு பண்ணாதான் அழ வேண்டியிருக்கும். கடைக்காரர் தம்பி எனக்கு ஒரு மெஷின் காட்டி "அண்ணா டிஸ்க் ஹெல்த் நூறு பர்சன்ட்ணா, அடிச்சுச் சொல்றேன்"னாரு. நான் டிஸ்க்கோட நிலைமையைக் காட்டற கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோங்கற புரோகிராமை பென்டிரைவ்ல கொண்டு போயிருந்தேன், போட்டுப் பார்த்தா பவர் ஆன் ஹவர்ஸ், அதாவது டிஸ்க் மொத்தம் ஓடின மணி நேரம், 26,000. ஆபீஸ்ல ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், வருஷம் 250 நாள்னு வச்சா வருஷத்துக்கு 2,000 மணி, 2018 மாடல் மெஷினுக்கு எப்படிப் பெருக்கினாலும் 26,000 வராது. ராத்திரியும் ஆஃப் பண்ணாம விட்ட ஆபீஸா இருக்கலாம், இல்ல வேற எதுல இருந்தோ கழட்டி இதுல மாட்டினதா இருக்கலாம். அந்தத் தம்பி பொய் சொல்லல, ஹெல்த் நூறுங்கறது இன்னும் எதுவும் கெடலைன்னு மட்டும்தான் சொல்லுது, எவ்வளவு ஓடித் தேஞ்சிருக்குன்னு சொல்லாது.

எவ்வளவு நாள்தான் வரும்னு கேட்டா, ஒரு தனி டிஸ்க்குக்கு யாராலயும் சொல்ல முடியாது, கூட்டத்துக்குத்தான் சொல்லலாம். பேக்பிளேஸ்னு ஒரு அமெரிக்க பேக்கப் கம்பெனி தன்கிட்ட ஓடற டிஸ்க் கணக்கை 2013ல இருந்து வெளியிடுது. அந்த முதல் கணக்குல, முதல் ஒன்றரை வருஷம் வருஷத்துக்கு 5.1 சதவீதம் செத்துச்சு, அடுத்த ஒன்றரை வருஷம் வெறும் 1.4, மூணு வருஷம் தாண்டினதும் 11.8. நாலு வருஷம் தாண்டி உயிரோட இருந்தது கிட்டத்தட்ட 80 சதவீதம். இப்ப வர்ற டிஸ்க் தேவலாம், 2024ல அவங்க மொத்தக் கணக்கு 1.57 சதவீதம்தான், ஆனா அது கரண்ட் போகாத, யாரும் தூக்கி நகர்த்தாத டேட்டா சென்டர். நம்ம கைக்கு ரீஃபர்பிஷ்டு மெஷின் வர்றதே நாலஞ்சு வயசுக்கு மேலதான், மெஷினுக்கு அது நடுவயசு, உள்ள இருக்கற டிஸ்க்குக்கு வயசான காலம்.

நம்ம ஊர்ல இன்னொரு பேச்சு உண்டு, "குளிர் ஊருப்பா, டிஸ்க் சூடாகாது, ரொம்ப நாள் உழைக்கும்"னு. நானும் அதை நம்பிட்டுத்தான் இருந்தேன். 2007ல கூகுள் ஒரு லட்சம் டிஸ்க்குக்கு மேல ஆராய்ஞ்சு போட்ட கட்டுரையில சூட்டுக்கும் சாவுக்கும் நினைச்ச அளவு சம்பந்தம் தெரியல, ரொம்பக் குளிர்ச்சியா ஓடினதுலதான் அதிகம் போயிருந்துச்சு. அதே கட்டுரையில இன்னொரு கணக்கு, ஸ்கேன்ல முதல் எரர் வந்த டிஸ்க், எரர் வராததைவிட அடுத்த 60 நாளுக்குள்ள சாக 39 மடங்கு வாய்ப்பாம். அதனால கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோல டிஸ்க்ல கெட்டுப்போன இடத்தை எண்ணற 05, சி5, சி6 மூணு வரியிலயும் கடைசிக் கட்டத்துல இருக்கற நம்பர் முழுக்க பூஜ்யமா இருக்கணும், ஒண்ணு ரெண்டு இருந்தாலும் அந்த டிஸ்க்கை எடுக்காதீங்க. சி7 மட்டும் ஏறியிருந்தா பெரும்பாலும் கேபிள் லூசு, பயப்பட வேண்டாம். ஆனா பூஜ்யமா இருந்தா பத்திரம்னும் எடுத்துக்க முடியாது, எந்த எச்சரிக்கையும் காட்டாம நேரா போன டிஸ்க்கும் அந்த ஆய்வுல ஏகப்பட்டது.

உயரத்தைப் பத்தி ரெண்டு பேர் கேட்டாங்க. சாதாரண டிஸ்க்ல ஹெட் காத்து மெத்தை மேலதான் மிதக்குது, உயரம் போகப் போகக் காத்து மெலிசாகும், அதனால பல கம்பெனிங்க சுமார் 3,000 மீட்டர் வரைன்னு எல்லை போடறாங்க. ஊட்டி 2,240 மீட்டர், தொட்டபெட்டா உச்சியே 2,637. கவலை இல்ல. நமக்கு எதிரி ஈரம்தான். மார்கழி காலைல ஜில்லுனு இருக்கற லேப்டாப்பை பைக்ல தூக்கிட்டு மேட்டுப்பாளையம் இறங்கினீங்கன்னா, கீழ இருக்கற வெதுவெதுப்பான ஈரக்காத்து அது மேல பனி மாதிரி படியும், கண்ணாடி மங்கற மாதிரி. போனதும் ஆன் பண்ணாம அரை மணி நேரமாவது பையிலயே விடுங்க. அப்புறம் மூடின லேப்டாப் உள்ள ஓடிக்கிட்டே இருக்க காட் ரோட்டுல குலுங்கிட்டு போறது ஹார்ட் டிஸ்க்குக்குப் பெரிய கொடுமை, முழுசா ஷட் டவுன் பண்ணிட்டுக் கிளம்புங்க.

எஸ்எஸ்டிக்கு, அதாவது சுத்தற தட்டே இல்லாம சிப்புல எழுதற டிஸ்க்குக்கு, இந்தக் குலுக்கல் பயமே கிடையாது. எழுதித் தீர்ந்துடும்னு பயப்படறவங்களுக்கு ஒரு கணக்கு, குருஷியல் எம்எக்ஸ்500ல 500 ஜிபி டிரைவுக்கு கம்பெனி சொல்ற எழுதும் அளவு 180 டெராபைட், தினமும் 20 ஜிபி எழுதினாக்கூட 9,000 நாள், 24 வருஷத்துக்கு மேல. என் இலைக் கணக்கு ஒரு நாளைக்கு ஒரு எம்பி கூட வராது. ஆனா எஸ்எஸ்டி போனா டிக் டிக் சத்தம்கூட கேட்காது, நேத்து இருந்துச்சு இன்னைக்கு இல்லைங்கற மாதிரி போகும், ரெக்கவரியும் கஷ்டம். கரண்டே கொடுக்காம வருஷக்கணக்குல பீரோவுல வைக்கறதுக்கும் அது சரிப்படாது, ஹார்ட் டிஸ்க் அதுல தேவலாம். கடைக்காரங்க "புது எஸ்எஸ்டி போட்டுத் தர்றோம்"னு சொன்னா என்ன பிராண்டுன்னு கேளுங்க, பேரே கேள்விப்படாத 128 ஜிபி ஒண்ணைத்தான் பல இடத்துல மாட்டிக் கொடுக்கறாங்க.

புதுசுன்னு தனியா விக்கற ஹார்ட் டிஸ்க்கையும் செக் பண்ணிட்டு வாங்குங்க. 2025 ஆரம்பத்துல ஐரோப்பாவுல பல ஆயிரம் மணி நேரம் ஓடின சீகேட் டிஸ்க்கை மீட்டரைத் திருப்பி வச்சு புதுசுன்னு வித்திருந்தது வெளிய வந்துச்சு, உள்ள ஃபார்ம்னு தனியா ஒரு பதிவு இருக்கறதாலதான் மாட்டுனாங்க. ஸ்மார்ட்சிடிஎல்னு டிஸ்க்கைப் படிக்கற ஒரு புரோகிராம் இருக்கு, அதுல புது வெர்ஷன் இருந்தா அந்த ஃபார்ம் பதிவை நாமளே படிக்கலாம்.

கடைசியில நான் எடுத்தது டிஸ்க் இல்லாத டி480. டிஸ்க்கைக் கழட்டிட்டு விலையைக் குறைங்கன்னு கேட்டேன், குறைச்சாங்க. பில்லோட அஞ்சு வருஷ வாரண்டி இருக்கற 500 ஜிபி எஸ்எஸ்டி தனியா வாங்கி நானே மாட்டினேன், வெளிப் பேட்டரி புதுசு, மீதிக் காசுல பேக்கப்புக்குன்னு ஒரு 1 டிபி எக்ஸ்டெர்னல் ஹார்ட் டிஸ்க். சனிக்கிழமை சாயங்காலம் இலை எடை முடிஞ்சதும் அதுல காப்பி எடுக்கறேன், அதோட ஒரு பென்டிரைவ்லயும். ஹார்ட் டிஸ்க் சிலிக்கா ஜெல் பாக்கெட்டோட மூடி இறுக்கமான டப்பாவுல என் வீட்டுல, பென்டிரைவ் அதே மாதிரி ஜெல் பாக்கெட்டோட அத்தை வீட்டு அலமாரியில. அங்க ஜெல் நீலம் போய் ரோஸ் ஆகிட்டா அத்தையே பாக்கெட்டை மாத்தி வச்சுட்டு எனக்குப் போன் பண்ணிச் சொல்லிடறாங்க.